கழுத்துக்குள் 14 மில்லிமீட்டர்

வானொலிக்காரர்களுக்கு மௌனம் ஆகாது. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே மூன்று விநாடி சத்தம் இல்லாமல் போனால், கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அதனால்தான் போன வருடத்துக்கு முந்திய மார்ச் மாதம், என் நிகழ்ச்சியைப் பற்றிக் கலகலவென்று பேசிக்கொண்டே கழுத்தில் ஸ்கேன் கருவியை உருட்டிக்கொண்டிருந்த பெண் சட்டென்று வாயை மூடிக்கொண்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கருவி ஒரே இடத்தில் நின்றது. டிக், டிக் என்று இரண்டு முறை பொத்தானை அழுத்தினார். அளவெடுக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அலுவலகம் ஏற்பாடு செய்த உடல் பரிசோதனை அது. ரத்தம், சிறுநீர், நெஞ்சு எக்ஸ்ரே. கூடுதலாகக் கொஞ்சம் வெள்ளி கட்டினால் கழுத்துக்கும் ஸ்கேன் எடுக்கலாம் என்றார்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலையிலிருந்து இரண்டு நாள் நேரலை செய்ததில் தொண்டை கட்டிப்போய், வாரக்கணக்கில் குரல் சரியாகவில்லை. எதற்கும் பார்த்துவிடலாம் என்று பணத்தைக் கட்டினேன். குரல் ஒரு வாரத்தில் தானாகத் திரும்பிவிட்டது. ஸ்கேன் அறிக்கை மட்டும் என்னோடு தங்கிவிட்டது. தைராய்டு சுரப்பியின் வலப்பக்கம், 1.4 சென்டிமீட்டர், திடமான கட்டி, டைராட்ஸ் 4.

சுங்கை சிப்புட்டிலிருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "கட்டியா?" என்றார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. நம் மொழியில் இது ஒரு சங்கடம். சூட்டுக் கட்டியும் கட்டிதான், கொழுப்புக் கட்டியும் கட்டிதான், ஆனால் ஸ்கேன் என்ற சொல்லோடு சேர்ந்து வந்துவிட்டால் கட்டிக்கு ஒரே அர்த்தம்தான். சாயங்காலத்துக்குள் குடும்பப் புலனக் குழுவில் கழுத்து வலிக்கு வெற்றிலைப் பத்து, முட்டைக்கோஸ் சாப்பிடக் கூடாது, ஒரு சாமியாரின் முகவரி எல்லாம் வந்து சேர்ந்தன.

அறிக்கையை எடுத்துக்கொண்டு முதலில் பார்த்த அறுவை மருத்துவர் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார். பாதித் தைராய்டை எடுத்துவிடலாம், அடுத்த வாரம் இடம் இருக்கிறது, காப்புறுதி அட்டை கொண்டுவந்திருக்கிறீர்களா? குரலுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். "நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான்" என்றார். நூற்றில் ஒருவர் என்பது ஒரு கணக்கு. அந்த ஒருவர் காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன் உட்கார வேண்டியவராக இருந்தால் அது வேறு கணக்கு. குரல்நாண்களை அசைக்கும் நரம்பு தைராய்டின் முதுகை ஒட்டித்தான் போகிறது.

அம்மாவோ அந்த மருத்துவர் கட்சி. "உங்க பெரியம்மா அன்னைக்கே ஆப்பரேஷன் செஞ்சதுனாலதான் இன்னைக்கு உயிரோட இருக்காங்க. நீ யோசிச்சுக்கிட்டே இரு" என்றார். பெரியம்மாவின் கதை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். 1996-இல் கழுத்து வீங்கி, கோலாலம்பூருக்குக் கூட்டிப்போய், கதிரியக்க மருந்து கொடுத்து எடுத்த படத்தில் "கோல்டு" என்று வந்து, தைராய்டு முழுவதையும் எடுத்தார்கள். புற்றுநோயை வென்றவர் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம்.

இரண்டாவது கருத்து கேட்கலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். அரசு மருத்துவமனையில் முறை கிடைக்க ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் கண்ணாடி முன் நின்று எச்சில் விழுங்கி விழுங்கிக் கழுத்தைப் பார்த்ததை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

அங்கே என்னைப் பார்த்த டாக்டர் அறிக்கைத் தாளை ஓரமாக வைத்தார். "படம் எங்கே?" என்று கேட்டார். நான் கொண்டுபோகவில்லை. தாளில் இருப்பது இன்னொருவர் படத்தைப் பார்த்துச் சொன்ன கருத்து, எனக்குப் படம் வேண்டும் என்று சொல்லி, அன்றே மீண்டும் ஸ்கேன் எடுக்க வைத்துத் திரையை என் பக்கம் திருப்பினார். அடுத்த இருபது நிமிடம் நடந்தது எனக்கு வாழ்க்கையில் கிடைத்த நல்ல ஒலிப்பதிவுப் பாடங்களில் ஒன்று.

ஆம், ஒலிப்பதிவுதான். அல்ட்ராசவுண்ட் படம் வெளிச்சத்தால் ஆனதில்லை. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். கழுத்துக்குப் பயன்படும் கருவி 70 லட்சம் முதல் 150 லட்சம் ஹெர்ட்ஸ் அளவில் ஒலியை உள்ளே அனுப்பிவிட்டு, எதிரொலிக்குக் காத்திருக்கிறது. திரும்பி வந்த இடம் வெள்ளை, வராத இடம் கறுப்பு. நீர் நிறைந்த பையில் ஒலி முட்டித் திரும்ப எதுவும் இல்லை, அதனால் அது கரேல் என்று தெரியும். நல்ல தைராய்டுக்குள் கூழ் நிறைந்த நுண்ணிய குமிழ்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு சுவரிலும் ஒலி முட்டித் திரும்புவதால் அது வெளுப்பாகத் தெரியும். கூழ் குறைந்து உயிரணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம் மங்கிக் கறுக்கிறது. அதனால்தான் கறுத்த திடக் கட்டி என்றால் மருத்துவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஆனால் கறுப்பு மட்டும் போதாது. டைராட்ஸ் என்ற பெயரை 2009-இல் சிலி நாட்டு மருத்துவர்கள் முன்வைத்தார்கள். மார்பகப் படங்களுக்கு ஏற்கெனவே இருந்த தரவரிசையைப் பார்த்துத் தைராய்டுக்கும் ஒன்று செய்தார்கள். கொரியா, ஐரோப்பா, சீனா என்று இப்போது ஆளுக்கொரு வடிவம் வைத்திருக்கிறார்கள். என் அறிக்கையில் இருந்தது அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட வடிவம். பள்ளிக்கூட மதிப்பெண் மாதிரிதான், ஆனால் இங்கே மதிப்பெண் கூடினால் வீட்டில் யாரும் மகிழ்வதில்லை.

ஐந்து கேள்விகள். கட்டிக்குள் என்ன இருக்கிறது? நீர்ப்பை அல்லது தேன்கூடு மாதிரி பொத்தலாக இருந்தால் சைபர், பாதி நீர் பாதி திடம் என்றால் 1, முழுக்கத் திடம் என்றால் 2. எவ்வளவு கறுப்பு? பக்கத்துத் தைராய்டைவிடக் கறுத்திருந்தால் 2, கழுத்துத் தசையைவிடவும் கறுத்திருந்தால் 3. விளிம்பு வழவழப்பாக இருந்தால் சைபர், கரடுமுரடாக இருந்தால் 2, சுரப்பியைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 3.

நான்காவது கேள்விதான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. கட்டி படுத்திருக்கிறதா, நிற்கிறதா? சாதுவான கட்டி திசுக்களின் போக்கிலேயே பரவி, உயரத்தைவிட அகலம் கூடியதாகப் படுத்துக் கிடக்கும். கெட்டது திசு அடுக்குகளைக் குறுக்கே கடந்து வளரக்கூடியது, அதனால் அகலத்தைவிட உயரமாக எழுந்து நிற்கும். நின்றால் 3 மதிப்பெண்.

கடைசியாக, வெள்ளைப் புள்ளிகள். பெரிய சுண்ணாம்புத் துண்டு 1, முட்டை ஓடு மாதிரி ஓரம் முழுக்கச் சுண்ணாம்பு என்றால் 2. மணலைத் தூவியது மாதிரி பொடிப்பொடியாக இருந்தால் 3. அந்தப் பொடி, தைராய்டு புற்றுநோய்களில் அதிகம் காணப்படும் பாப்பில்லரி வகையின் அடையாளங்களில் ஒன்று. ஆனால் அதே மாதிரி பளிச்சிடும் இன்னொரு புள்ளி உண்டு, அதற்குப் பின்னால் வால்நட்சத்திரம் போலக் கொஞ்சம் பெரிய வால் இருக்கும். அது உறைந்த கூழ், ஒன்றும் செய்யாது, சைபர். மணலா, வால்நட்சத்திரமா என்பதில் இரண்டு நிபுணர்கள் மாறுபடுவது சாதாரணம். பார்ப்பவரின் கண்ணும் கையும் இந்தப் படத்தில் பாதி.

என் கட்டிக்கு: திடம் 2, கறுப்பு 2, படுத்திருக்கிறது, விளிம்பு வழவழப்பு, புள்ளி இல்லை. மொத்தம் 4. நான்கிலிருந்து ஆறு வரை டைராட்ஸ் 4. ஏழும் அதற்கு மேலும் 5. அந்த ‘4’ ஐந்துக்கு நான்கு அல்ல என்று தெரிந்தபோதுதான் ஆறு வாரத்தில் முதல் முறையாக மூச்சு விட்டேன். 3,400-க்கும் மேற்பட்ட கட்டிகளை வைத்து இந்த முறையைச் சோதித்த ஆய்வில், நான்காம் தரத்தில் 100-க்கு 9 மட்டுமே புற்றாக இருந்தன. மூன்றாம் தரத்தில் 5-க்கும் குறைவு. ஐந்தாம் தரத்திலேயே 35.

"அப்படியென்றால் எனக்குப் புற்றுநோய் இல்லை என்று படம் சொல்கிறதா?" என்று கேட்டேன். ஒரு நேர்காணலில் கேட்டிருந்தால் நானே வெட்டியிருப்பேன், அவ்வளவு அவசரமான கேள்வி. டாக்டர் சிரிக்கவில்லை. "படம் அதைச் சொல்லாதும்மா. ஊசி போடணுமா வேண்டாமான்னு மட்டும்தான் சொல்லும்" என்றார்.

நான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது அந்த ஒரு வாக்கியம்தான். நான்காம் தரக் கட்டி 1.5 சென்டிமீட்டரைத் தொட்டால் மெல்லிய ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சிப் பரிசோதிக்க வேண்டும். ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருந்தால் ஓராண்டு கழித்து மீண்டும் படம். ஐந்தாம் தரம் என்றால் 1 சென்டிமீட்டரிலேயே ஊசி. மூன்றாம் தரம் என்றால் 2.5 வரை பொறுக்கலாம். அறுவை சிகிச்சை என்ற சொல் அந்த அட்டவணையில் எங்குமே இல்லை. கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே நின்ற எனக்கு அடுத்த வாரம் கத்தி வைக்க ஒருவர் தயாராக இருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் கை தானாகக் கழுத்துக்குப் போகிறது.

பெரியம்மாவின் ‘கோல்டு’ கதையை டாக்டரிடம் சொன்னேன். கதிரியக்க ஸ்கேன் வேறு கேள்விக்கான பதில் என்றார். கட்டி ஹார்மோன் சுரக்கிறதா என்று அது காட்டும். மருந்தை அள்ளி உறிஞ்சினால் ‘ஹாட்’, அது புற்றாக இருப்பது மிக அரிது. உறிஞ்சாவிட்டால் ‘கோல்டு’. ஆனால் கட்டிகளில் பெரும்பாலானவை கோல்டுதான், அந்தக் கோல்டிலும் பெரும்பாலானவை புற்று இல்லை. ரத்தத்தில் டி.எஸ்.எச். அளவு குறைந்திருந்தால்தான் இப்போது அந்த ஸ்கேனைக் கேட்கிறார்கள். எனக்கு அது சரியாக இருந்ததால் தேவைப்படவில்லை. சி.டி., எம்.ஆர்.ஐ. எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரியாதா என்று அண்ணன் கேட்கச் சொல்லியிருந்தார். கழுத்துக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று காட்டுமாம், நல்லதா கெட்டதா என்று பிரிப்பதில் இந்தச் சின்ன அல்ட்ராசவுண்டை மிஞ்சாதாம். விலை கூடினால் படமும் நன்றாகத்தான் இருக்கும் என்று நம்பும் எங்கள் குடும்பத்துக்கு இது ஏமாற்றம்.

வீட்டுக்கு வந்து நிறையப் படித்தேன். தென்கொரியாவின் கதையைப் படித்த இரவு தூங்கவில்லை. அங்கே 1999-இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் கழுத்தையும் பார்க்கலாம் என்று மருத்துவமனைகள் சொல்லின. எனக்குச் சொன்னதைத்தான் அவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படும் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. அந்த ஓராண்டில் மட்டும் 40,000-க்கும் மேற்பட்டோர். அந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை? அசையவில்லை. ஒரு நாட்டில் ஒரு நோய் 15 மடங்கு பெருகி, சாவு மட்டும் அப்படியே நிற்குமா? வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய சிறு புற்றுகளைத் தேடித் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. அப்படி நடந்தவர்களில் 100-க்கு 11 பேருக்குச் சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் செயலிழந்தன. 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலரே இதை வெளிப்படையாக எதிர்த்த பிறகு, ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனை 1993-லிருந்தே வேறு வழியில் போனது. 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும் பாப்பில்லரி புற்று, அபாய அறிகுறி இல்லை என்றால், வெட்டாமல் படம் எடுத்துக் கண்காணிக்கலாம் என்று நோயாளிகளிடமே சொன்னார்கள். அப்படிக் கண்காணித்த 1,235 பேரில் பத்தாண்டில் 3 மில்லிமீட்டர் வளர்ந்தவை 100-க்கு 8. அந்த நோயால் யாரும் இறக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு ஸ்கேனே வேண்டாம் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எங்கள் நிலையத்து விளம்பரப் பிரிவில் இருக்கும் ஓர் அக்காவைப் பற்றி, அவர் அனுமதியோடு சொல்கிறேன். அவருக்கு 1.1 சென்டிமீட்டர்தான், என்னுடையதைவிடச் சிறியது. ஆனால் நிமிர்ந்து நின்றது, உள்ளே மணல், பக்கத்தில் ஒரு நிணநீர்க் கணு உருண்டு தடித்திருந்தது. ஐந்தாம் தரம். ஊசியில் பாப்பில்லரி என்று உறுதியானது, எடுத்தார்கள். ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பி, இன்று எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசுகிறார். சிறியது என்று யாராவது அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அதுவும் தப்பு. கழுத்தில் கல் மாதிரி கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டாலோ, வேகமாக வளர்ந்தாலோ, குரல் கரகரத்து வாரக்கணக்கில் திரும்பாவிட்டாலோ, சிறு வயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்று வந்திருந்தாலோ தள்ளிப்போடாமல் போய்ப் பாருங்கள். ஒன்றுமே இல்லாதவர்கள் சும்மா ஒரு கூடுதல் கட்டணத்தில் தேடிப் பார்ப்பது வேறு விஷயம். நான் செய்தது அதுதான். மூன்று வாரக் கரகரப்பு ஒரு சாக்கு.

போன மார்ச்சில் ஓராண்டு ஸ்கேன். இந்த முறை முதல் படத்தை வட்டில் கேட்டு வாங்கி எடுத்துக்கொண்டு போனேன். 1.5 என்று வந்தது. ஒரு மில்லிமீட்டர் வளர்ந்துவிட்டதா, அல்லது அளந்தவர் கை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்ததா? குறைந்தது இரண்டு திசையில் 20 சதவீதமும் 2 மில்லிமீட்டரும் கூடினால்தான் வளர்ச்சி என்று கணக்காம், இது அதற்குள் வராது என்றார் டாக்டர். ஆனால் கோட்டைத் தொட்டுவிட்டது. இன்னும் ஓராண்டு பொறுக்கவும் செய்யலாம், ஊசியும் போடலாம், உங்கள் விருப்பம் என்றார். ஊசி என்றேன். அம்மாவுக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

ஊசி, திரையில் படத்தைப் பார்த்துக்கொண்டே குத்துவது. ரத்தம் எடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வலி, விழுங்கக் கூடாது என்பதுதான் கஷ்டம். முடிவு ஆறு வகைகளில் ஒன்றாக வரும். எனக்கு இரண்டாம் வகை, சாதுவானது. அதையும் நூற்றுக்கு நூறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. 100-க்கு 3 வரை ஊசி தவறவிடலாம். ஃபாலிக்குலர் என்று ஒரு வகை இருக்கிறது. அதில் கட்டியின் உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே போயிருக்கிறதா என்று பார்த்தால்தான் புற்றா இல்லையா என்று சொல்ல முடியும். அதைப் படமும் காட்டாது, ஊசியும் காட்டாது, எடுத்து வெட்டிப் பார்த்தால்தான் உண்டு. அதனால் அடுத்த மாதம் மறுபடியும் ஸ்கேன் இருக்கிறது.

முடிவு வந்த வாரம் ஊருக்குப் போனேன். பெரியம்மாவும் வந்திருந்தார். ஊசி அறிக்கையை மொழிபெயர்த்துச் சொன்னேன். கேட்டுவிட்டு, "என்னோட பைலையும் ஒரு தடவ படிச்சுச் சொல்லு" என்று அடுத்த நாள் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். 1996-லிருந்து பத்திரமாக வைத்திருக்கிறார், எல்லாம் ஆங்கிலம், யாரும் படித்துக் காட்டவில்லை. கதிரியக்கப் படம், ரசீதுகள், தையல் பிரித்த தேதி. கடைசியில் இருந்தது அறுவைக்குப் பின் வந்த ஆய்வகத் தாள். இரண்டு முறை படித்தேன். கூழ்க் கழலை, புற்று அறிகுறி ஏதும் இல்லை.

அந்தக் காலத்து மருத்துவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மதிப்பெண் அட்டவணை எதுவும் அன்று இல்லை, வீக்கமும் பெரிதாக இருந்ததாம், எப்படியும் எடுக்க வேண்டியதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளில் இருந்ததைப் பெரியம்மாவுக்கு யாராவது தமிழில் சொல்லியிருக்கலாம். அறுவைக்கு முன்பு அவர் கோயிலில் தேவாரம் பாடுவார். அதற்குப் பிறகு மேல் ஸ்தாயி எட்டவில்லை. உச்சக் குரலுக்கு உதவும் இன்னொரு சின்ன நரம்பு தைராய்டின் மேல் முனையை ஒட்டிப் போகிறது. 1935-இல் தைராய்டு அறுவை செய்துகொண்ட இத்தாலியப் பாடகி அமெலிட்டா கல்லி-குர்ச்சியின் பெயரில் அந்த நரம்பைக் குறிப்பிடும் வழக்கம்கூட மருத்துவர்களிடம் உண்டு. அவர் குரல் அதற்கு முன்பே தேயத் தொடங்கிவிட்டது என்று பின்னாளில் மறுத்தவர்களும் இருக்கிறார்கள். பெரியம்மாவின் நரம்புக்கு என்ன ஆனது என்று யாரும் பார்த்ததில்லை.

நான் படித்துச் சொன்னதும் அம்மா வாயடைத்துப் போனார். பெரியம்மாதான் கொஞ்ச நேரம் கழித்துப் பேசினார். "அப்போ எனக்கு அது இல்லவே இல்லையா?"

"இல்ல பெரியம்மா."

"இத்தன வருஷமா திரும்பி வந்துடுமோன்னு பயந்துக்கிட்டே இருந்தேனேடி" என்றார். பிறகு தாளை வாங்கி மடித்து அதே உறையில் வைத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, காபிக்கு அரைமணி நேரம் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.